புல்லு மறுபடி மொளச்சிடும்ல, சார்?



திருமானூர் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தபோது நடந்தது இது. பங்குனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் கால்சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. விசாரித்தேன். முதல் நாள் சாயங்காலம் அவனும் அவனுடைய கூட்டாளிகளும் ஏரிக்கரையில் காய்ந்து கிடந்த புல்லைக் கொளுத்திவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏன்டா கொளுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"சும்மாதான் சார். அது காஞ்ச புல்லுதானே! மழை பேஞ்சா மறுபடி மொளச்சிடும்ல, சார்?" என்றான்.

வகுப்பே சிரித்தது. தீப்பெட்டியை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவன் கேட்டது நியாயமான கேள்விதானே? புல் மறுபடியும் முளைக்கத்தானே செய்கிறது?

பள்ளியை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்று அவனுக்குச் சொல்லாத பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நானும் கொளுத்தியவன்தான்!

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நானும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். கொள்ளிடக்கரைப் பக்கம் எங்கள் வயல். சித்திரை மாத விடுமுறை. பெரியவர்கள் கரும்புச் சோகையைக் கொளுத்துவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை துறுதுறுத்தது. வாய்க்கால் வரப்பில் இடுப்பளவு காய்ந்து நின்ற புல்லில் ஒரே ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டேன்.

அவ்வளவுதான்! காற்று அதை வாங்கிக்கொண்டது. நான் ஓடுவதற்கு முன்னால் தீ ஓடியது. வரப்பு ஓரத்துப் பனைமரத்தில் தொங்கிய காய்ந்த மட்டைகளில் ஏறிக்கொண்டது. அந்த மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றாகப் பற்றி எரிந்து விழுந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அக்கம்பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து பச்சைத் தழையால் அடித்து அணைத்தார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலையில் கையைப் பிடித்து அதே வரப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். கருகிய புல் தூரில் ஒரு சின்னக் குழி. அதற்குள் ஏழு முட்டைகள். கௌதாரி முட்டைகள். எல்லாம் கறுத்து வெடித்திருந்தன.

"எண்ணிக்க" என்றார் அப்பா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு. இன்றுவரை எனக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை.

புல்லுக்குள் யார் குடியிருக்கிறார்கள்?

மரத்தில்தான் பறவை கூடு கட்டும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நம் ஊர்ப் பறவைகளில் பல தரையில்தான் முட்டையிடுகின்றன. கௌதாரி, காடை, வானம்பாடி, ஆள்காட்டி... இவற்றுக்கெல்லாம் தரைதான் தொட்டில். இவற்றில் பல கோடையில்தான் குஞ்சு பொரிக்கின்றன. நாம் புல்லைக் கொளுத்துவதும் அதே கோடையில்தான்!

நம் பக்கத்து முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. புல் தூருக்கு அடியில்தான் படுத்திருக்கும். அதன் குட்டிகளுக்கும் அதுதான் வீடு. ஆபத்து வந்தால் குட்டி ஓடாது. அசையாமல் பதுங்கிக் கிடக்கும். நரியிடமிருந்து தப்பிக்க அது நல்ல தந்திரம். நெருப்பிடமிருந்து தப்பிக்க? நீங்களே சொல்லுங்கள்.

எரியும் வரப்புக்கு மேலே கரிச்சான் குருவிகள் வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேடிக்கை பார்க்க அவை வருவதில்லை. தீக்குப் பயந்து எழும்பும் வெட்டுக்கிளியையும் பூச்சியையும் பிடித்துத் தின்ன வருகின்றன. அந்த ஒரு துண்டுப் புல்லுக்குள் எத்தனை உயிர்கள் இருந்தன என்பதற்கு அந்தக் கரிச்சான்கள்தான் சாட்சி.

நம் திருமானூர் ஒன்றியத்தில்தான் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள பெரிய ஏரி அது. 1999-இல் சரணாலயமானது. 180-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இமயமலைக்கு மேலாகப் பறந்து வரும் வரித்தலை வாத்துகூட அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வருகிறது. 2024 ஜனவரியில் கரைவெட்டி, 'ராம்சார்' எனப்படும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. எவ்வளவு பெருமை நமக்கு!

ஆனால் ஏரி என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. கரையில் வளரும் கோரையும் புல்லும் புதரும் மரமும் சேர்ந்ததுதான் ஏரி. தண்ணீர் வற்றும் கோடையில் இவையெல்லாம் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கின்றன.

சரி. எரிந்தது எரிந்துவிட்டது. மழை பெய்தால் புல் மறுபடி முளைத்துவிடாதா? அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு நாம் கொஞ்சம் தூரம் பயணம் போக வேண்டும்.

மரிக்கொழுந்தின் அமெரிக்கச் சொந்தக்காரர்

உங்கள் அம்மாவோ அக்காவோ பூவோடு சேர்த்து மரிக்கொழுந்து வைத்துக்கொள்வார்கள் அல்லவா? கமகமவென்று மணக்குமே! அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச் செடி அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. பெயர் 'சேஜ்பிரஷ்'. சாம்பல் பூத்த மாதிரி இலை. அதற்கும் நல்ல மணம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இந்தப் புதர்கள் நிறைந்த வறண்ட மேய்ச்சல் நிலங்கள் அங்கே உண்டு.

அந்தப் புதரை நம்பி ஒரு பறவை வாழ்கிறது. 'சேஜ் குரூஸ்' என்று பெயர். நம் கௌதாரிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரியது. அதுவும் தரையில்தான் முட்டையிடும். பனிக்காலத்தில் அதற்கு ஏறக்குறைய முழுச் சாப்பாடே சேஜ்பிரஷ் இலைதான்.

அந்த நிலத்திலும் பழங்காலத்திலிருந்தே தீப் பிடிப்பது உண்டு. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறைதான். புதர்களுக்கு இடையே வெறும் மண் இருந்ததால் தீ வெகுதூரம் ஓடாது. எரிந்த இடத்தில் புதர் மெல்ல மெல்ல மறுபடி வளர்ந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது. ஐரோப்பா, ஆசியாப் பக்கத்திலிருந்து தானியத்தோடு கலந்து போன ஒரு புல் அது. 'சீட்கிராஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஏமாற்றுப் புல் என்று பொருள். பெயருக்கு ஏற்ற புல்தான்! மற்ற புற்களுக்கு முன்பே முளைக்கும். மற்றவற்றுக்கு முன்பே காய்ந்தும் விடும். புதர்களுக்கு நடுவே இருந்த வெற்று இடத்தையெல்லாம் பாய் விரித்தது போல மூடிவிட்டது.

இப்போது ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? பாயில் பிடித்த தீ மாதிரி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும். எரிந்த பிறகு முதலில் முளைப்பது யார்? அதே ஏமாற்றுப் புல்தான்! சேஜ்பிரஷ் புதரோ எரிந்தால் வேரிலிருந்து துளிர்ப்பதில்லை. விதையிலிருந்துதான் வர வேண்டும். வளரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது. தீயால் புல், புல்லால் தீ என்று மாறி மாறி நடக்கிறது. பல இடங்களில் புதர் போயிற்று. புதரை நம்பிய பறவையும் குறைந்து போயிற்று.

பார்த்தீர்களா? அங்கேயும் "புல் மறுபடி முளைத்தது." ஆனால் முளைத்தது பழைய புல் இல்லை!

நம் காட்டிலும் அதே கதை

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? முதுமலைப் பக்கம் போனால் உண்ணிச்செடிப் புதர்களைப் பார்க்கலாம். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அழகுச் செடி என்று வெள்ளைக்காரர் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இன்று பல காடுகளில் ஆள் நுழைய முடியாதபடி மண்டிக் கிடக்கிறது. தரையில் ஓட வேண்டிய தீ, இந்தப் புதரை ஏணியாகப் பிடித்துக்கொண்டு மரத்தின் உச்சிக்கு ஏறிவிடுகிறது. எரிந்த பிறகு உண்ணிச்செடி வேரிலிருந்து முந்திக்கொண்டு துளிர்க்கிறது. நம் ஊர் சீமைக்கருவேலமும் லேசில் சாகாது. வெட்டினாலும் கொளுத்தினாலும் தூரிலிருந்து மறுபடி கிளம்பும்.

வரப்பிலும் இப்படித்தான். அறுகும் கோரையும் மண்ணுக்கடியில் கிழங்கும் வேரும் வைத்திருப்பதால் மீண்டு வந்துவிடும். ஆனால் மண்ணின் மேலே கிடக்கும் விதைகள் வெந்துபோகும். வெறுமையாகிவிட்ட இடத்தில் பார்த்தீனியம் போன்ற களைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாம்பலைக் கோடை மழை அடித்துக்கொண்டு போய் ஏரியில் சேர்க்கும். புல் இல்லாத கரையிலிருந்து மண்ணும் கூடவே போகும்.

மனித உயிரும் தப்புவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீ, மலையேறப் போனவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். காய்ந்த மலைப்புல்லில் தீ அவ்வளவு வேகமாக ஓடும். அதிலும் மேடு ஏறும்போது, கீழிருக்கும் சுடர் மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால் இன்னும் வேகம் எடுக்கும்.

அப்படியானால் தீ கெட்டதா?

இல்லை செல்லங்களே! நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கார்த்திகைத் தீபத்தன்று கோவில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துகிறார்களே, அதுவும் பெருந்தீதான். ஆனால் அது மழைக்காலம். தரை ஈரமாக இருக்கும். எரிப்பதற்கென்று ஓர் இடம் உண்டு. அணையும் வரை பெரியவர்கள் சுற்றி நிற்பார்கள். காலம், இடம், காவல் என்ற மூன்றும் அங்கே இருக்கின்றன.

சத்தியமங்கலம் மலைகளிலும் அதை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் சோளகர் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு 'தரகு பெங்கி' என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. சருகுத் தீ என்று பொருள். கோடை முற்றுவதற்கு முன்பே, தை மாதப் பனி ஈரம் இருக்கும்போதே, கீழே கிடக்கும் சருகை மட்டும் மெல்ல எரித்துவிடுவார்கள். அது குளிர்ந்த தீ, மரத்தைத் தொடாது. கோடையில் பெருந்தீ வந்தால் அதற்குத் தின்னத் தீனி இருக்காது. காட்டில் தீயே கூடாது என்று தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி இவ்வளவு மண்டியது என்று சோளகர் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் வனத்துறையும் கோடைக்கு முன்பே 'தீத்தடுப்புக் கோடுகள்' போடுகிறது. அகலமான பாதை மாதிரிப் புல்லையும் சருகையும் அகற்றிவிடுவார்கள். ஓடி வரும் தீ அங்கே வந்ததும் பசியால் நின்றுவிடும்!

ஆக, தீ நமக்கு எதிரி அல்ல. காலம், இடம், காவல் மூன்றும் இல்லாத அநாதைத் தீதான் எதிரி. சித்திரை வெயிலில் ஒரு பையன் "சும்மா" கிழித்துப் போடும் குச்சிக்கு இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை.

பெரியவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவர்கள், எரித்தால் பசும்புல் துளிர்க்கும் என்று தீ வைப்பது உண்டு. துளிர்ப்பது உண்மைதான். அவர்களுக்கு அது பிழைப்பு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. பொது நிலத்துப் புல்லைக் காயும் முன்பே அறுத்துக்கொள்ளவும், ஆடு மாடுகளை முறை வைத்து மேய்க்கவும் ஊர் வழி செய்தால், எரிக்க வேண்டிய அவசியமே வராது. ஆடு தின்ற புல் எரியாது அல்லவா? அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில்கூட, தீயைத் தடுக்கக் கால்நடைகளைக் குறிப்பிட்ட இடங்களில் மேய விடும் முறை இருக்கிறது. ஐடஹோ, ஒரிகான் மாநிலங்களில் மாடு வளர்ப்பவர்களே சங்கம் வைத்து, பயிற்சி பெற்று, தீயணைக்கவும் போகிறார்கள்.

"செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளாதா?" என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது! பார்க்கிறது. டேராடூனில் உள்ள மத்திய அரசின் வன ஆய்வு நிறுவனம், 2004-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் உதவியோடு காட்டுத் தீ பற்றித் தகவல் அனுப்பி வருகிறது. ஆனால் செயற்கைக்கோள் எந்நேரமும் நம் தலைக்கு மேலே நிற்பதில்லை. அது கடந்து போகும் நேரத்துக்கு, ஏரிக்கரையில் பிடித்த சின்னத் தீ எரிந்தே முடிந்திருக்கும். அதை முதலில் பார்க்கக்கூடிய கண்கள் உங்களுடையவைதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. விளையாட்டுக்காகத் தீப்பெட்டியைத் தொடாதீர்கள். நண்பன் தொட்டால் தடுத்துவிடுங்கள். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

2. கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் பார்களுக்கு இடையே மூடாக்காகப் பரப்பலாம். மண்ணின் ஈரம் காக்கும், களை குறையும், மக்கி உரமாகும். வீட்டில் அப்பாவிடம், தாத்தாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். பீடியை அணைக்காமல் புல்லில் எறிய வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

3. எங்காவது புல் எரிவதைப் பார்த்தால், நீங்களே அணைக்கப் போகாதீர்கள்! காற்று வீசும் திசையில் ஓடாமல், தீயை விட்டு விலகி வாருங்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். 101 அல்லது 112 எண்ணுக்குப் பேசி ஊர், ஏரி, பக்கத்து அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

4. சரணாலயத்துக்குப் போனால் அடுப்பு மூட்டிச் சமைக்கலாம் என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குத் தீயால் ஆபத்து உண்டாக்குவது குற்றம்.

5. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26-இல் கிராம சபைக் கூட்டம் நடக்கும். கோடைக்கு முன்னால் வரும் கூட்டம் அது. "மாசி மாதத்துக்குள் சாலை ஓரத்திலும் ஏரிக்கரை ஓரத்திலும் காய்ந்த புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள்" என்று வகுப்பு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதி, பெரியவர்கள் மூலம் கொடுங்கள். பிள்ளைகள் கையெழுத்தில் வரும் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

பிடுங்கிய களையும் வீணாவதில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள், அதே உண்ணிச்செடிக் குச்சிகளை வளைத்து நிஜ யானை அளவுக்கு யானைச் சிற்பங்கள் செய்தார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன! காட்டை எரிக்க உதவிய செடி, காட்டுக்காகப் பேசும் யானையாகிவிட்டது.

அந்தப் பையனுக்கு...

அன்று வகுப்பில் கேள்வி கேட்ட பையன் இப்போது பெரிய ஆளாகியிருப்பான். அவன் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்:

"ஆமாம் தம்பி, புல் மறுபடி முளைக்கும். ஆனால் அது அதே புல்லாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் இருந்த ஏழு முட்டைகள் மறுபடி முளைக்காது."

இந்தக் கோடையில் ஒரு நாள் காலையில் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் பெரியவர்களோடு போங்கள். காய்ந்த புல் ஓரமாகச் சத்தம் போடாமல் நில்லுங்கள். கௌதாரி கத்துவது கேட்கும். கேட்டால், அந்தக் கரை இன்னும் எரியவில்லை என்று அர்த்தம். அடுத்த கோடையிலும் அது கேட்க வேண்டும். பார்த்துக்கொள்வீர்களா, செல்லங்களே?

அன்புடன்,
ஓய்வு பெற்ற உங்கள் வாத்தியார் தாத்தா,
திருமானூர்.